செஞ்சோற்றுக் கடனும் தேர்தற் பணமும்

தெரணியகலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்போரும் இறப்பர்ப் பால் வெட்டுவோரும் தேர்தலன்று வரிசையில் நின்று வாக்களிக்கின்றனர். அவ்வாக்கு எளிதில் வந்ததன்று. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் மலையகத் தமிழர் இழந்த குடியுரிமை, இறுதியாக எஞ்சியிருந்தோர்க்கு 2003இலேயே மீண்டது.

அத்தகைய வாக்கைப் பெற்றுச் சென்ற உறுப்பினரின் தேர்தற் செலவை ஒரு கம்பெனியார் ஏற்றிருப்பின்? நாட்சம்பளம் பற்றிச் சபையில் பேச்செழும்போது அவர் யார் பக்கம் நிற்பார்? பணம் பெற்றோர் யாவரும் நெறி தவறுவர் என நாம் கூறவில்லை. ஆயினும், தவறென்று அறிந்தும் துரியோதனன் பக்கம் நின்ற கர்ணனை எண்ணுங்கள். நல்லவனையும் செஞ்சோற்றுக் கடன் கட்டிவிடும்.

பாரதத்தில் பெயரை மறைத்துக் கட்சிகளுக்கு நிதி வழங்க 2018இல் வந்த தேர்தல் பத்திர முறையை, வாக்காளரின் அறியும் உரிமைக்கு முரணானதென 2024 பெப்ரவரி 15ஆம் நாள் உச்ச நீதிமன்றம் நீக்கியது. நம் நாட்டிலும் 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், வேட்பாளர் தாம் பெற்ற நன்கொடைகளையும் செய்த செலவையும் கணக்குக் காட்ட வேண்டுமென விதிக்கின்றது.

சட்டம் வந்துவிட்டது. மாணவச் செல்வர்களே, சோறிட்டவர் யார் என்று கேட்கும் துணிவு நமக்கு வரவேண்டும்.