சபை அலுவலகத்தில் பேசும்போது

பெரியோர் முன் பார்வையைத் தாழ்த்துவது நமது மரியாதை. அவுஸ்திரேலிய மாநகரசபை உத்தியோகத்தரோ அதனை எதையோ மறைப்பதாகக் கருதக்கூடும். நிமிர்ந்தமர்ந்து, அவர் முகம் பார்த்துப் பேசுங்கள். உற்று நோக்க வேண்டியதில்லை.

இதனிலும் முக்கியமானது ‘யெஸ்’ என்னும் சொல். கேட்டுக்கொண்டிருக்கிறோம் என உணர்த்த நாம் இடையிடையே கூறும் ‘யெஸ், யெஸ்’ இங்கு சம்மதமாகக் கொள்ளப்படலாம். பக்கவாட்டில் தலையசைத்தால் மறுப்பாகலாம். சோலைவரித் தவணை, வாகனத் தரிப்பு அபராதம் பற்றிய பேச்சில் இவ்வேறுபாடு பணத்தில் முடியும். விளங்காவிடின், “மெதுவாகச் சொல்லுங்கள், எழுதித் தாருங்கள்” எனக் கேளுங்கள். அதற்கு மன்னிப்புக் கோருவது அவசியமன்று.

தமிழில் பேச விரும்பினால், தேசிய மொழிபெயர்ப்பு, உரைபெயர்ப்புச் சேவையை 131 450 என்ற இலக்கத்தில் எந்நேரமும் அழைக்கலாம். பிள்ளைகளை உரைபெயர்க்கச் செய்யாதீர்கள். உரைபெயர்ப்பாளர் உடனிருப்பினும் உத்தியோகத்தரை நோக்கியே பேசுங்கள்.