துளையில் இருக்கிறது திருப்பம்

பெங்களூருவிலுள்ள பௌலிங் கூடங்களில் வாடகைப் பந்தை உருட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அது பெரும்பாலும் நேராகவே ஓடும். சென்னையின் ஷபீர் தன்கோட் போன்ற தேசியச் சாம்பியன்கள் வீசும் பந்தோ ஓரமாகச் சென்று, கடைசியில் வளைந்து பின்களுக்குள் பாயும். கைத்திறனோடு, பந்தில் துளை போட்ட இடத்துக்கும் இதில் பங்குண்டு.

போட்டிப் பந்து துளையில்லாமல்தான் விற்பனைக்கு வருகிறது. சுற்றளவு சுமார் 27 அங்குலம். எடை அதிகபட்சம் 16 பவுண்டு, அதாவது 7.26 கிலோ. உள்ளே கனமான உட்கரு ஒன்று உண்டு. அதன் உச்சி எங்கிருக்கிறது என்பதை மேற்பரப்பில் ஒரு வண்ணப் புள்ளி காட்டும்.

துளையிடுபவர் முதலில் பார்ப்பது வீரரின் கையை. பந்து கையைவிட்டுப் போகும்போது எந்த அச்சில் சுழல்கிறது? பந்து உருளும் பாதையான லேனில் பூசிய எண்ணெய் பந்தின் மேல் வளையங்களாகப் படியும். முதல் வளையத்திலிருந்து எல்லாப் பக்கமும் சம தூரத்தில் உள்ள புள்ளியே அச்சுமுனை. அது ஆளுக்கு ஆள் மாறும்.

துளையின் இடத்தை மாற்றி, வண்ணப் புள்ளிக்கும் அச்சுமுனைக்கும் இடையே எவ்வளவு தூரம் விடுவது என்பதுதான் முக்கிய முடிவு. உட்கரு அச்சோடு ஒத்து நின்றாலும், அதற்குச் செங்குத்தாகக் கிடந்தாலும் பந்து தள்ளாடாது. இரண்டுக்கும் நடுவே, 3.375 அங்குலத்தில், சாய்ந்து சுற்றும் பம்பரம்போல அச்சு மிக அதிகமாக இடம் மாறும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதிய பரப்பு தரையைத் தொடும், பிடிமானம் கூடும்.

60 அடி லேனில் வழக்கமாக முதல் 40 அடி வரை எண்ணெய் இருக்கும். அதைத் தாண்டி உலர்ந்த தரை வந்ததும் பந்து திரும்புகிறது. எண்ணெய் மிகுந்த லேனுக்கு அந்த 3.375 அங்குல நடுத்தூரம் கைகொடுக்கும். உலர்ந்த லேனில் அதே பந்து சீக்கிரமே வளைந்து இலக்கைத் தவறவிடும்.

அந்தத் தூரத்தோடு, துளையின் இடத்தைத் தீர்மானிக்கும் இரண்டு கோணங்களையும் சேர்த்துக் கணக்கிடும் முறையைப் பரப்பியவர் அமெரிக்கப் பந்து வடிவமைப்பாளர் மோ பினெல். எடையைச் சரிசெய்யக் கூடுதல் துளை போடும் வழக்கத்தை அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் 2020 ஆகஸ்டில் தடை செய்தது. ஆகவே முதல் திட்டமே சரியாக அமைய வேண்டும்.

சொந்தப் பந்து வாங்க நினைப்பவர்கள் சாம்பியனின் அளவுகளைக் கேட்டுத் துளையிட வேண்டாம். முதலில் உங்கள் அச்சுமுனையை அளந்துகொள்ளுங்கள்.