குதிரைப் பண்ணைகளில் நாங்கள் அறிந்தவை

இவ்வாண்டு ஜனவரி இறுதியில் கல்விச் சுற்றுலாவாகப் புனே சென்ற நாங்கள், நகரைச் சுற்றியுள்ள கிராமப்புறத்தில் இரண்டு குதிரைப் பண்ணைகளையும் பார்த்து வந்தோம். கோட்டைகளைப் பற்றியும் அருங்காட்சியகத்தைப் பற்றியும் எழுதத் தோழியர் பலர் முன்வந்துள்ளனர். ஆகவே நாங்கள் குதிரைகளோடு நின்றுகொள்கிறோம். பந்தயத்தில் பணம் கட்டும் முறையைப் பற்றி மட்டும் எதுவும் கேட்கக் கூடாது என்று எங்களுடன் வந்த சிஸ்டர் பேருந்திலேயே சொல்லிவிட்டார்கள்!

இப்பண்ணைகளில் வளர்பவை 'தரோபிரெட்' எனப்படும் பந்தயக் குதிரைகள். குதிரை பதினொரு மாதம் சினையாக இருந்து ஒரே ஒரு குட்டியை ஈனும். இரட்டைக் குட்டிகள் உருவானால் பிழைப்பது மிக அரிது. பிரசவம் பெரும்பாலும் இரவில்தான் நடக்கும். காம்பு நுனியில் மெழுகுத் துளிபோல் ஒன்று திரண்டால், இன்னும் ஓரிரு நாளில் ஈனும் என்று குதிரைக்காரர் அறிந்துகொள்வார். அன்றிலிருந்து லாயத்தில் இரவு முழுவதும் ஒருவர் விழித்திருப்பார்.

ஏறக்குறைய ஐம்பது கிலோ எடையுடன் பிறக்கும் குட்டி, ஒரு மணி நேரத்திற்குள் எழுந்து நிற்க வேண்டும். இரண்டு மணி நேரத்திற்குள் பால் குடிக்க வேண்டும். இதில் ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டோம். பண்ணை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மனிதக் குழந்தைக்கு நோய் எதிர்ப்புச் சக்தியின் ஒரு பகுதி தாயின் கருப்பையிலேயே கிடைத்துவிடுகிறது. குதிரைக் குட்டிக்கோ அங்கே அது கிடைப்பதில்லை; முழுவதும் சீம்பாலில்தான் வர வேண்டும். அதையும் குட்டியின் குடல் முதல் நாளில் மட்டுமே ஈர்த்துக்கொள்ளும். அந்த நேரம் தவறினால் சாதாரண நோய்கூடக் குட்டியைக் கொண்டுபோய்விடும். எனவே, தாயிடம் பால் இல்லாமற்போனால் கொடுப்பதற்காக வேறு குதிரைகளின் சீம்பாலை உறைய வைத்துச் சேமிக்கிறார்கள்.

எங்களை மிகவும் கவர்ந்தது பெயர் விஷயம். புதிதாகப் பிறந்த குட்டிக்குப் பெயர் கிடையாது. பதிவு செய்து பெயர் சூட்டும்வரை அது இன்ன குதிரையின் குட்டி என்று தாயின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. உறவு முறையும் தாய் வழியில்தான். ஒரே தாய்க்கு வெவ்வேறு தந்தையரால் பிறந்தவை உடன்பிறப்புகளாகக் கருதப்படும். ஒரே தந்தைக்கு வெவ்வேறு தாய்களிடம் பிறந்தவை அப்படிக் கருதப்படுவதில்லை. காரணம் எளிது. பேர்பெற்ற ஆண் குதிரைக்கு ஒரே ஆண்டில் நூறு குட்டிகள்கூடப் பிறக்கலாம். தாய்க்கோ ஆண்டுக்கு ஒன்றுதான்.

ஆனால் பாடப்புத்தகங்களில் புகழப்படுபவர்கள் தந்தையரே! உலகின் எல்லாத் தரோபிரெட் குதிரைகளும் பையர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்பின் அரேபியன் என்ற மூன்று ஆண் குதிரைகளின் வழிவந்தவை என்பர். இவற்றின் வம்சாவளிப் பதிவேடு இங்கிலாந்தில் 1791-இல் முதன்முதலாக வெளிவந்தது. ஆதித் தாய்களோ பலவற்றுக்குப் பெயரே இல்லை. இன்னாருடைய குதிரை என்று உரிமையாளரின் பெயரால் குறித்துவிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புரூஸ் லோ என்ற ஆஸ்திரேலியர் அந்தத் தாய்வழிக் குடும்பங்களைத் தேடி எடுத்து எண்ணிட்டார். அந்த எண்கள் இன்றும் வழக்கில் உள்ளன.

தீவனத்தில் ஓட்ஸும் பச்சைப் புல்லும் குதிரை மசாலும் உண்டு. குதிரை மசால் நம் ஊர் விவசாயிகளுக்குத் தெரிந்த பயிர்தானே! சுழி பார்க்கும் வழக்கமும் அங்கே இருந்தது. ஆனால் அது அதிர்ஷ்டம் பார்ப்பதற்கு அல்ல. நெற்றியிலும் கழுத்திலும் உள்ள சுழிகள் எங்கெங்கே உள்ளன என்று படம் வரைந்து, குதிரையின் அடையாளமாகப் பதிவு செய்கிறார்கள். இக்காலத்தில் தோலுக்கடியில் ஒரு சில்லும் வைக்கிறார்கள். பெற்றோர் யார் என்று மரபணுச் சோதனையும் செய்கிறார்கள்.

ஓட முடியாத குதிரைகள் என்னவாகும் என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். நல்ல குடும்பத்துப் பெண் குதிரையானால் பண்ணைக்குத் திரும்பித் தாயாகும். மற்றவற்றில் சில சவாரிப் பள்ளிகளுக்குச் செல்கின்றன. எல்லாவற்றுக்கும் நல்ல முடிவு கிடைப்பதில்லை என்றும் மறைக்காமல் சொன்னார்கள். புனேயில் 1946-இல் சோலி பூனாவாலா தொடங்கிய பண்ணையிலிருந்து, வயதான குதிரைகள் பம்பாய் ஹாப்கின் நிலையத்திற்குச் சீரம் தயாரிக்க வழங்கப்பட்டு வந்தன. அந்தச் சீரத்தை நாமே ஏன் தயாரிக்கக் கூடாது என்ற எண்ணத்திலிருந்து, அவர் மகன் சைரஸ் பூனாவாலா 1966-இல் சீரம் நிறுவனத்தைத் தொடங்கினார். பாம்புக்கடி மருந்தும் குதிரையின் இரத்தத்திலிருந்தே வருகிறது. விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் உடலில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள்.

ஐந்தாறு மாதத்தில் குட்டிகளைப் பால் மறக்கச் செய்வார்கள். தாயைக் காணாமல் அவை கனைத்துக்கொண்டே வேலியோரம் ஓடுமாம். அப்போது, இனி ஈனும் வயதைக் கடந்த ஒரு கிழக் குதிரையை அவற்றின் நடுவே விட்டுவிடுவார்கள். இரண்டாவது பண்ணையில் சென்ற ஆண்டுக் குட்டிகளோடு அப்படி ஒன்று நின்றிருந்தது. முதுகு வளைந்து, நெற்றி முடி நரைத்திருந்தது. கடிக்க வந்த குட்டியைக் காதைப் பின்னுக்கு மடித்தே அடக்கியது. பதிவேட்டில் அதற்கு நீண்ட ஆங்கிலப் பெயர் ஒன்று இருக்கிறது. குதிரைக்காரர்கள் யாரும் அதைச் சொல்வதில்லை. மராத்தியில் 'ஆயி' என்றுதான் அழைக்கிறார்கள். அம்மா என்று பொருள்.