எண்பதில் எழும் உதறல்

கருங்கல் சந்திப்பில் நான்கு டயர்களையும் புதிதாக மாட்டிக்கொண்ட ஒருவர், திங்கள்சந்தை வழியாக நாகர்கோவில் சென்று, அங்கிருந்து திருநெல்வேலிக்குப் பிரயாணப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இருபுறமும் வீடும் தோப்புமாக நெருங்கி, நூறடிக்கு ஒரு வளைவாகத் திரும்பும் நம் ஜில்லாச் சாலைகளில் 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுவதற்கே வழியில்லாமையால், வண்டி ஒரு குறையுமின்றி ஓடுகிறது. காவல்கிணற்றில் நான்குவழிச் சாலை ஏறி, முள் 80-ஐத் தொட்டதும், ஸ்டீயரிங் கையில் கிடந்து நடுங்கத் தொடங்குகிறது. பயந்து வேகத்தைக் குறைத்தால் நடுக்கம் நின்றுவிடுகிறது. துணிந்து 100-ஐ நெருங்கினாலோ, பெரும்பாலும் அப்போதும் அடங்கிப்போகிறது. பழைய டயரில் இல்லாத வியாதி புது டயரில் வருவானேன், வந்ததும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தலைகாட்டுவானேன் என்று அவர் திகைப்பதில் வியப்பில்லை.

இதற்கு விடை பம்பரம் விட்ட சிறுவர் அனைவருக்கும் ஒருவாறு தெரியும். ஆணி நடுவில் நேராக இறங்கிய பம்பரத்தை உள்ளங்கையில் ஏந்தினால் அது சுழல்வதே தெரியாமல் உறங்கும். ஆணி மயிரிழை விலகியதோ கையைக் குடைந்து அதிரும். சக்கரத்தின் சுபாவமும் இதுவே. 14 அங்குல ரிம் கொண்ட ஒரு சிறிய காரின் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.9 மீட்டர் ஓடுமாகையால், 80 கிலோமீட்டர் வேகத்தில் அது வினாடிக்குப் பதினொன்று, பன்னிரண்டு தரம் சுழல்கிறது. ரிம்மின் விளிம்பில் ஓரிடத்தில் 30 கிராம் எடை மிகுந்திருக்குமானால், அந்த வேகத்தில் அது வெளிநோக்கி இழுக்கும் சக்தி ஏறக்குறைய மூன்று கிலோ எடைக்குச் சமமாகும். 40 கிலோமீட்டர் வேகத்திலோ அதே 30 கிராம் முக்கால் கிலோ அளவுக்கே இழுக்கும். வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்காவது இயற்கை நியதி.

அப்படியானால் 100-ல் நடுக்கம் இன்னும் மிகவேண்டுமே என்று கேட்கலாம். ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். அது தானே ஆடும் கணக்குக்கு ஒத்துத் தள்ளுகிறவன் ஒற்றை விரலால் அதை உயரே ஏற்றிவிடுவான். கணக்குத் தப்பித் தள்ளுகிறவன் தன் பலத்தையெல்லாம் வீணாக்குவான். டயரின் காற்றுக்கும் சஸ்பென்ஷன் சுருளுக்கும் இடையே தொங்கும் சக்கரத்துக்கும் இத்தகைய சொந்த ஆட்டம் ஒன்று உண்டு. பெரும்பாலான கார்களில் அது வினாடிக்குப் பத்து முதல் பதினைந்து தரம் வரை. சக்கரத்தின் சுழற்சி இந்தக் கணக்கோடு வந்து பொருந்தும் வேகத்தில்தான் சிறு குறை பெரு நடுக்கமாகிறது. அதைக் கடந்துவிட்டால் குறை அப்படியே இருக்க, ஆட்டம் மட்டும் தணிகிறது.

குலசேகரத்துத் தோட்டங்களில் சிரட்டையில் வடிவது போன்ற ரப்பர் பால், வேறு ரப்பரோடும் கரியோடும் கலந்து, நூலடுக்கும் எஃகுக் கம்பியடுக்கும் சேர்ந்து டயராகும்போது, எல்லாப் பக்கமும் அணுவளவும் பிசகாமல் ஒரே எடையாக அமைவது அரிது. ஆதலால்தான் டயர் மாற்றியபின் வீல் பாலன்சிங் அவசியமாகிறது. எந்திரத்தில் சக்கரத்தைச் சுழற்றி, எடை குறைந்த இடமறிந்து, ரிம்மின் உள்விளிம்பிலும் வெளிவிளிம்பிலும் தனித்தனியே சிறு கட்டிகளைப் பொருத்துகிறார்கள். ஒரு விளிம்பில் மட்டும் எடையிட்டால் மேலும் கீழும் குதிப்பது நிற்கலாம். பக்கவாட்டில் தள்ளாடி ஸ்டீயரிங்கை உதறுவது நிற்காது. வீல் அலைன்மென்ட் என்பதோ முற்றிலும் வேறு. அது சக்கரங்களின் கோணத்தைத் திருத்தும் வேலை. அது பிசகினால் வண்டி ஒருபக்கம் இழுக்கும், டயர் ஒருபக்கமாகத் தேயும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி, அலைன்மென்ட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டு உதறல் நிற்கவில்லையே என்று வருந்துவோர் பலர்.

பாலன்சிங் செய்தும் நடுங்குவதுண்டு. ரிம்மை எந்திரத்தில் நடுவாகப் பிடிக்காமல் சுழற்றியிருக்கலாம். முன்பே ஒட்டியிருந்த கட்டி உதிர்ந்திருக்கலாம். ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையே துருவோ மண்ணோ ஒட்டியிருக்கலாம். டயரின் ஓரம் ரிம்மில் சுற்றிலும் சமமாக அமராதிருக்கலாம். குழியில் விழுந்த ரிம் வளைந்திருக்கலாம். நட்டுகளை எதிரெதிராக முறைவைத்து முறுக்காமல் வரிசையாக முறுக்கியதால் சக்கரம் சாய்ந்து உட்கார்ந்திருப்பதும் உண்டு. வளைந்த ரிம்முக்கும் கோணிய டயருக்கும் எடை ஒட்டுவது சிகிச்சையாகாது. வட்டம் வட்டமாக இல்லாதபோது எடை சமமாயிருந்தென்ன?

ஆகவே, எதையும் மாற்றுமுன் வண்டி சொல்வதைக் கேட்கவேண்டும். ஸ்டீயரிங் உதறினால் முன்சக்கரங்களையும், ஆசனமும் தளமும் அதிர்ந்தால் பின்சக்கரங்களையும் முதலில் சந்தேகிக்கலாம். பிரேக்கை மிதிக்கையில் மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க்கையும், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கையில் மட்டும் நடுங்கினால் ஆக்ஸில் மூட்டையும், நின்ற இடத்தில் இன்ஜினை முடுக்கினாலே நடுங்கினால் இன்ஜினையும் பார்க்கவேண்டும். 20, 30 கிலோமீட்டரிலேயே சக்கரம் நொண்டினால் டயரின் உள்ளடுக்கு புடைத்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது நலம். சந்தேகம் தீராவிடில் முன்சக்கரங்களைப் பின்னும் பின்சக்கரங்களை முன்னுமாக மாற்றி ஓட்டுக. உதறலும் இடம் மாறினால் குற்றம் சக்கரத்தினுடையது, மாறாவிடில் வேறெதனுடையதோ.

இறுதியாக ஒரு வேண்டுகோள். டயர் மாற்றிய அன்று உதறல் கண்டால், ஆராய்ச்சியைப் பிறகு வைத்துக்கொண்டு, முதலில் வண்டியை ஓரமாக நிறுத்தி, வீல் ஸ்பேனரால் ஒவ்வொரு நட்டையும் முறுக்கிப் பாருங்கள். தளர்ந்த நட்டும் இதே நடுக்கத்தைத்தான் தரும். ஆனால் அது எந்த வேகத்திலும் அடங்காது, சக்கரம் கழலும்வரை வளர்ந்துகொண்டே போகும். நட்டுகள் இறுக்கமாயிருந்தால், எந்த வேகத்தில் தொடங்கிற்று, எந்த வேகத்தில் அடங்கிற்று, நடுங்கியது கையா ஆசனமா என்று குறித்துக்கொண்டு ஊர் திரும்புங்கள். டயர்க் கடைக்காரருக்கு வேண்டிய விவரம் அவ்வளவுதான்.