படுக்கையா, வீடா? சேத்துப்பட்டில் நடந்த ஆய்வு

காசநோய் என்று உறுதியானால், 1950-களின் தொடக்கத்தில் மருத்துவர்கள் கைகாட்டிய இடம் சானடோரியம்தான். ஊருக்கு வெளியே, நல்ல காற்று வரும் இடத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். சத்தான சாப்பாடு வேண்டும். பெற்ற பிள்ளையைக்கூடத் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். டாக்டர் சௌரி முத்து 1928-இல் தாம்பரத்தில் தொடங்கியது அத்தகைய ஒரு மருத்துவமனை. அங்குள்ள ரயில் நிலையத்துக்கு இன்றும் அதன் பெயர்தான்.

இந்தியாவில் அன்று காசநோயாளிகள் பல லட்சம் பேர். படுக்கைகளோ மிகக் குறைவு. கிடைத்த படுக்கையிலும் கூலி வேலைக்குப் போகும் ஒருவர் ஓராண்டு படுத்திருந்தால், அவர் குடும்பம் எதைச் சாப்பிடும்?

இதற்கிடையே மருந்துகள் வந்துவிட்டன. 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பாஸ் என்ற மருந்தும், 1952-இல் மலிவான ஐசோநயாசிட் மாத்திரையும் கிடைத்தன. ஒரே மருந்தைக் கொடுத்தால் கிருமி அதை எதிர்க்கப் பழகிக்கொள்ளும்; இரண்டைச் சேர்த்துக் கொடுத்தால் கட்டுப்படும் என்பதும் தெரிந்திருந்தது. மாத்திரையே கிருமியைக் கொல்லும் என்றால், படுக்கை எதற்கு?

அதைச் சோதித்துப் பார்க்க 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு ஆய்வு மையம் திறந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அன்றைய மதராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கைகோத்தன. பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் பணிகளுக்குத் தலைமை ஏற்றார். நகரின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து வந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். இரு தரப்புக்கும் ஓராண்டுக்கு ஐசோநயாசிடும் பாஸும் சேர்ந்த ஒரே மருந்து. யார் எந்தப் பிரிவு என்பதில் மருத்துவருக்கும் பங்கில்லை, நோயாளிக்கும் பங்கில்லை. அதனால்தான் இந்த ஒப்பீட்டை நம்ப முடிகிறது. தேறக்கூடியவர்களாகப் பார்த்து ஒரு பக்கம் சேர்த்திருந்தால் முடிவுக்கு மதிப்பே இருந்திருக்காது.

வீட்டில் இருப்பவர் மாத்திரையை விழுங்குகிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பாஸ் கசப்பானது, நிறைய விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும். ஆகவே மையத்தின் ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் மிச்சமுள்ள மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து, உள்ளே மருந்து போயிருக்கிறதா என்றும் பார்த்தார்கள். நோயாளி எந்தத் தெருவில், எத்தனை பேரோடு, எப்படி வாழ்கிறார் என்பதை நேரில் கண்ட ஆய்வு இது. இதன் பெருமை அங்கேதான் இருக்கிறது.

முடிவுகள் 1959-இல் வெளியாயின. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு. நெருக்கடியான வீடு, குறைந்த சாப்பாடு, ஓய்வில்லாத நாட்கள் ஆகியவற்றுக்கு நடுவே கிடைத்த 86 அது. தொடர்ந்து ஐந்தாண்டுகள் கவனித்தபோது அந்த வித்தியாசமும் இல்லாமல் போனது. சிகிச்சையைப் பாதியில் விட்டுக் கிளம்பியவர்களும் சானடோரியப் பிரிவில்தான் அதிகம்.

எல்லோரும் அஞ்சியது வேறொன்றை. நோயாளி வீட்டிலேயே இருந்தால் பிள்ளைகளுக்குத் தொற்றாதா? ஐந்தாண்டுகள் உறவினர்களையும் பரிசோதித்து வந்ததில், வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பங்களில் நோய் கூடுதலாகப் பரவவில்லை. நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே பெரும்பாலான தொற்று நடந்து முடிந்துவிடுகிறது. மருந்து தொடங்கியபின் பரப்பும் ஆற்றல் விரைவாகக் குறைந்துவிடுகிறது.

உலகம் முழுவதும் காசநோய் மருத்துவத்தின் திசையை இந்த ஆய்வு மாற்றியது. 1962-இல் தொடங்கிய இந்திய தேசியத் திட்டம் வீட்டுச் சிகிச்சையை நம்பியே எழுந்தது. சேத்துப்பட்டு மையம் அடுத்து, வாரம் இருமுறை ஊழியரின் கண்ணெதிரே மருந்து கொடுத்தாலே போதுமா என்று பார்த்தது. போதும் என்று 1964-இல் காட்டியது. பின்னாளில் உலக சுகாதார நிறுவனம் பரப்பிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு அடித்தளம் இதுதான்.

ஆனால் ஒரு விஷயம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. குறைந்த சாப்பாட்டிலும் மருந்து வேலை செய்யும் என்பதே சென்னை ஆய்வு சொன்னது. சாப்பாடு முக்கியமே இல்லை என்று அது சொல்லவில்லை. இருந்தும் பல பத்தாண்டுகள் காசநோய்த் திட்டங்களில் மாத்திரைக்கு இருந்த இடம் அரிசிக்கும் பருப்புக்கும் இல்லை. இது பெரிய இழப்பு என்றே சொல்ல வேண்டும். உடல் மெலிந்தவரிடம், உள்ளே உறங்கும் கிருமி எளிதில் விழித்துக்கொள்கிறது.

2019-இல் ஜார்க்கண்டில் தொடங்கிய ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. மங்களூரு மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தலைமையிலான அந்த முயற்சியில், தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகப் பெயர் மாறிவிட்ட சேத்துப்பட்டு மையமும் பங்கேற்றது. 2,800 நோயாளிகளுக்கும் அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் அடங்கிய தொகுப்பு கிடைத்தது. அவர்களுடைய குடும்பத்தாரில் ஒரு பிரிவினருக்கு மட்டும் கூடுதல் தானியமும் பருப்பும் கொடுத்தார்கள். 2023-இல் வெளியான முடிவின்படி, அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. தொற்றைப் பரப்பும் வகை ஏறக்குறைய பாதியானது. நோயாளிகளிலும் முதல் இரண்டு மாதங்களில் எடை ஏறியவர்களிடையே இறப்பு வெகுவாகக் குறைவாக இருந்தது.

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டமும் இதே வழியில் செல்கிறது. நோய் உறுதியானதும் உயரம், எடை, மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு, கால் வீக்கம் ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். பிடிமானமில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்றும் கவனிக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலைய ஊழியரே செய்துவிடக்கூடிய சோதனைகள் இவை. மிகவும் நலிந்தவர்களைப் பிரித்தெடுத்து உடனே மருத்துவமனையில் சேர்த்து, மருந்தோடு ஊட்டமான உணவும் தருகிறார்கள். மற்றவர்கள் வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிடுகிறார்கள்.