கடல் கூப்பிடு தூரத்தில்... பவளத் தொட்டிக்குத் தண்ணீர் எங்கே?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தைத் தாண்டித் தெற்கே போனால் கடப்பாக்கம். ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த மதில் பக்கம் நின்றால் ஒருபுறம் வங்கக்கடல், மறுபுறம் கழிமுகம். செய்யூர், மரக்காணம் பக்கமெல்லாம் பாத்தி பாத்தியாக உப்பளங்கள். இந்த ஊரில் ஒருவர் வீட்டு ஹாலில் கண்ணாடித் தொட்டி வைத்து, பவளமும் கோமாளி மீனும் வளர்க்க ஆசைப்பட்டால் தண்ணீருக்கு என்ன பஞ்சம்? ரெண்டு குடம் மொண்டு வந்தால் போதாதா?

போதாது. 'ரீஃப் டேங்க்' எனப்படும் பவளத் தொட்டியில் ஆயிரக்கணக்கில் பணத்தைக் கொட்டுகிறவர்கள் சறுக்குகிற முதல் இடமே தண்ணீர்தான்.

கரையோரத்து நீர் வேறு, பவளம் வாழும் நீர் வேறு. செங்கல்பட்டு மாவட்டக் கரையில் அலை எப்போதும் மணலைக் கிளறிக்கொண்டே இருக்கும். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் கழிமுகம் வழியே சேறும், வயல்களின் உரமும், ஊர்க் கழிவும் கடலில் சேரும். உப்பின் அளவும் இறங்கிவிடும். தமிழ்நாட்டின் பவளத்திட்டுகள் இங்கே இல்லாமல் மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் இருப்பது சும்மா இல்லை. பவளத்துக்குத் தெளிந்த நீர் வேண்டும், ஒரே சீரான உப்பு வேண்டும். ஒரு கிலோ நீரில் சுமார் 35 கிராம் என்பதுதான் அது கேட்கும் கணக்கு.

சரி, உப்பளம்தான் பக்கத்திலேயே இருக்கிறதே, கல் உப்பை வாங்கிக் கரைத்துவிட்டால்? அதுவும் ஆகாது. பாத்தியில் கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்புச் சத்து படியும், அடுத்து ஜிப்சம். அதற்குப் பிறகுதான் நாம் சாப்பிடும் உப்பு படிகமாகும். மெக்னீசியம் பெரும்பாலும் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். பவளம் தன் கூட்டைக் கட்டுவதே கால்சியத்தால். அந்தக் கால்சியத்தைத் தண்ணீரில் கரைந்தபடி நிறுத்தி வைக்க மெக்னீசியம் தேவை. சமையலுக்கு நல்ல உப்பாக்க எதையெல்லாம் கழிக்கிறோமோ, அதையெல்லாம்தான் பவளம் தேடுகிறது! அதனால்தான் எல்லாத் தாதுக்களும் சேர்ந்த, தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்புக் கலவையை வாங்கித் தூய நீரில் கரைக்கிறார்கள்.

அந்தத் 'தூய நீர்' என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

தொட்டியும் ஒரு குட்டி உப்பளம்தான். மேலே விளக்கு, ஃபேன் காற்று. நீர் ஆவியாகும், உப்பு போகாது. குறைந்த அளவை ஈடுகட்ட உப்புநீரை ஊற்றினால் நாளுக்கு நாள் உப்பு ஏறும். ஊற்ற வேண்டியது நல்ல தண்ணீர். 200 லிட்டர் தொட்டியில் தினம் 2 லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 730 லிட்டர். ஊற்றும் போர் தண்ணீரில் டி.டி.எஸ்., அதாவது கரைந்துள்ள பொருட்களின் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்றால், ஓராண்டில் 365 கிராம் வேண்டாத பொருள் தொட்டியில் தங்கும். கடலோரப் போர்களில் 500 என்பதே கொஞ்சம் தாராளமான கற்பனை.

அதில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இருந்தால் பச்சைப் பாசி; சிலிகேட் இருந்தால் கண்ணாடியில் பழுப்புப் படலம். செம்பு இருந்தால்தான் உண்மையான ஆபத்து. உடம்புக்கு நல்லது என்று செம்புக் குடத்தில் பிடித்து வைக்கிறோமே, அந்தத் தண்ணீர் தொட்டிக்கு ஆகவே ஆகாது. மீனுக்குத் தெரியாத அளவு செம்புகூட இறால், நத்தை, பவளத்தைத் தீர்த்துவிடும். மீன் நோய்க்கு விற்கும் சில மருந்துகளிலும் செம்பு உண்டு. பாட்டிலைப் படித்துப் பார்க்க வேண்டும்.

வழி, ஆர்.ஓ.தான். மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலியில் 2013 முதல் இயங்கும் ஆலை, கடல்நீரை இதே முறையில் நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீராக்கும் திறன் கொண்டது. அங்கே கடலிலிருந்து உப்பை எடுக்கிறார்கள். தொட்டிக்காரர் உப்பில்லாத நீரில் உப்பைச் சேர்த்துக் கடலாக்குகிறார்!

ஆனால், சமையலறை ஆர்.ஓ. மெஷினை அப்படியே நம்பக் கூடாது. சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கும் பகுதி பல மெஷின்களில் உண்டு. கேன் தண்ணீரிலும் தாதுக்கள் இருக்கும். தொட்டிக்கு வேண்டியது கார்பன் ஃபில்டர், ஆர்.ஓ. சவ்வு, அதன் பிறகு டி.ஐ. ரெசின் என்ற வரிசை. கார்பன் குளோரினைப் பிடிக்கும். சவ்வு பெரும்பாலான உப்பைத் தடுக்கும். மிச்சத்தை ரெசின் உறிஞ்சும். டி.டி.எஸ். மீட்டரில் 0 காட்ட வேண்டும். எண் ஏறத் தொடங்கினால் ரெசின் தீர்ந்தது என்று அர்த்தம். மீட்டருக்கும் எல்லை உண்டு: பவளத்தைக் கொல்லும் அளவு செம்பு அதில் தெரியாது, குளோரினும் தெரியாது. ஃபில்டரைக் காலத்தில் மாற்றுவதுதான் காவல்.

இவ்வளவு தயார் செய்த பிறகு, கரையில் பொறுக்கியதையோ மீனவரிடம் வாங்கியதையோ தொட்டியில் போட்டால் வேறு சிக்கல். திட்டுகளை உருவாக்கும் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறியும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன, பிடிபட்டால் சிறை. வெளிநாட்டுப் பவளம் என்றாலும் முறையான ஆவணங்கள் வேண்டும். தொடங்குகிறவர்களுக்குப் பண்ணையில் பொரித்த கோமாளி மீன் போதும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையம் அதன் இனப்பெருக்கத்தில் வெற்றி கண்டிருக்கிறது. பவளத்தைவிட மீன் தண்ணீர்க் குறைகளைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

ஒரு குடம் சுத்த நீருக்கு இரண்டு, மூன்று குடம் கழிவு நீரை ஆர்.ஓ. வெளியேற்றும். வீடு துடைக்கவும் கழிவறைக்கும் அது உதவும். தொட்டியிலிருந்து மாற்றி எடுக்கும் உப்புநீரைக் கழிமுகத்தில் ஊற்றக் கூடாது. அந்நிய உயிர்கள் அதோடு போய்ச் சேரலாம். கிணற்றடியிலும் கொட்டக் கூடாது. கடலோரத்தில் ஏற்கெனவே கரிக்கிற கிணறு, இன்னும் கரிக்கும்.