உடலைக் காட்டினார்களா?

சினிமாவில் ஒருத்தர் செத்துப்போனார் என்று எப்போது நம்புவது? என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகள் இதற்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். உடலைக் காட்ட வேண்டும். மலையிலிருந்து விழுந்தான், விண்கலம் வெடித்தது, வெளிச்சத்தில் கரைந்துபோனான் என்பதெல்லாம் செல்லாது. உடலைக் காட்டவில்லை என்றால் அடுத்த பாகத்தில் ஆள் திரும்பி வருவான்.

நான் மார்த்தாண்டத்துக்காரி. கல்யாணமாகி விழிஞ்ஞம் பக்கம் முக்கோலாவுக்கு வந்தவள். வீட்டு மாடியில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித் தருகிறேன். பாதிப் பேர் ஹார்பர் பக்கத்துப் பிள்ளைகள். அப்பாவோ சித்தப்பாவோ வள்ளத்தில் போகிறவர்கள். வீட்டில் மலையாளம், போனில் தமிழ்ப் படம். ரெண்டையும் கலந்து "டீச்சரே" என்று ஆரம்பித்தார்களானால் அன்றைக்கு நான் சமையலுக்கு இறங்க எட்டு மணி ஆகிவிடும். சண்டை பெரும்பாலும் ஒன்றைப் பற்றித்தான்: அறிவியல் புனைகதைப் படங்களில் யார் செத்தார்கள், யார் சாகவில்லை, யார் செத்திருக்கவே கூடாது.

என் வீட்டுக்காரருக்கு இது வேலையில்லாதவர்கள் பேச்சு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. குடும்பப் படத்தில் அப்பா செத்தால் செத்ததுதான். மாலை போட்ட போட்டோவோடு கதை மேலே போய்விடும். அறிவியல் படத்தில் காலத்தைத் திருப்பும் கடிகாரம் இருக்கிறது, நினைவைப் பதிந்து வைக்கும் சிப் இருக்கிறது, இணையான இன்னொரு உலகம் இருக்கிறது. இவ்வளவு சாமானையும் கையில் வைத்துக்கொண்டு ஏன் காப்பாற்றவில்லை என்று ரசிகன் கேட்பான். காப்பாற்றிவிட்டாலோ, அப்படியானால் போன படத்தில் நான் எதற்கு அழுதேன் என்பான். இரண்டும் நியாயமான கேள்விதான்.

உடல் சட்டம் சினிமாவுக்கு முந்தையது. 1893 டிசம்பரில் ஆர்தர் கானன் டாயில், ஷெர்லக் ஹோம்ஸை சுவிட்சர்லாந்தின் ரைக்கன்பாக் அருவியில் தள்ளிக் கதையை முடித்தார். வாசகர்கள் கொதித்தார்கள். ஆனால் டாயில் உடலைக் காட்டியிருக்கவில்லை. 1903இல் ஹோம்ஸ் சாவகாசமாகத் திரும்பி வந்து, நான் அருவியில் விழவே இல்லையே என்று வாட்சனிடம் சொன்னபோது அந்த ஓட்டைதான் கைகொடுத்தது.

திரையில் இந்தக் கூத்து உச்சத்துக்குப் போனது 1982இல் வந்த இரண்டாவது 'ஸ்டார் ட்ரெக்' படத்தில். கதையின் முக்கியப் பாத்திரமான ஸ்பாக் சாகப்போகிறார் என்ற செய்தி முன்கூட்டியே கசிந்து ரசிகர்கள் எதிர்ப்புக் கிளப்பினார்கள். படக்குழு ஒரு தந்திரம் செய்தது. படம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஸ்பாக் விழுந்து இறக்கிறார். அது பயிற்சிக்கான ஒத்திகை என்று உடனே தெரிந்துவிடுகிறது. 'அட, இதைத்தான் சொன்னார்களா' என்று எல்லாரும் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்த பிறகு, கடைசியில் கப்பலைக் காப்பாற்றக் கதிர்வீச்சுக்குள் போய் நிஜமாகவே இறக்கிறார். உடலை ஒரு டார்பிடோக் கூட்டுக்குள் வைத்து விண்வெளியில் செலுத்துகிறார்கள், கடலில் இறுதிச் சடங்கு செய்கிற மாதிரி. அந்தக் கூடு ஒரு புதுக் கிரகத்தில் பத்திரமாகக் கிடப்பதைக் காட்டிப் படத்தை முடித்தார்கள். 1984இல் அடுத்த பாகத்தில் ஸ்பாக் உயிரோடு வந்தார். அந்தப் படத்தை இயக்கியதே ஸ்பாக்காக நடித்த லியனார்ட் நிமாய்தான். உடலைக் காட்டியும் ஏமாற்ற முடியும் என்று இதைச் சொன்னபோது பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். எனக்குக் கொஞ்சம் கர்வமாக இருந்தது.

நம்மூர் வழக்கு ரோபோ சிட்டிதான். 2010இல் 'எந்திரன்' முடிவில் நீதிமன்றம் சொன்னபடி சிட்டி தன் பாகங்களைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கும். 2030இல் அருங்காட்சியகத்தில் தலை மட்டும் பேசும். இது சாவா? சாவுதான் என்றாள் ஒருத்தி, தானாகச் சம்மதித்துப் போனதால் மனிதச் சாவைவிடப் பெரிய சாவு என்றாள். இல்லை, அது ஸ்விட்ச் ஆஃப் என்றான் இன்னொருவன். 2018இல் '2.0' வந்து மறுபடி பூட்டி எழுப்பிவிட்டதால் அவன் ஜெயித்தான். ஆனால் எழுந்து வந்தது பழைய சிட்டிதானா? இந்த இடத்தில் அதுவரை பேசாமல் இருந்த பையன் வாயைத் திறந்தான். எங்கள் வள்ளத்தில் எஞ்ஜின் மாற்றியாகிவிட்டது, அடிப்பக்கம் ஃபைபர் புதிதாக ஒட்டியாகிவிட்டது, பெயின்ட் வருஷா வருஷம் மாறுகிறது, ஆனால் லோன்காரர் அதே வள்ளம் என்றுதானே வருகிறார் என்றான். தத்துவப் பேராசிரியர்கள் பல நூறு ஆண்டுகளாக மல்லுக்கட்டும் கேள்வியை லோன்காரரை வைத்து முடித்துவிட்டான்.

(அதே '2.0'வில் செல்போன் கோபுரத்தில் தூக்குப் போட்டுக்கொள்ளும் பட்சிராஜன் 'ஆரா' என்ற ஆற்றலாகத் திரும்பி வருவதைப் பற்றி இயற்பியல் டீச்சராக நான் ஒன்றும் சொல்வதாக இல்லை. ஆற்றல் அழியாது என்ற விதிக்கு உதாரணமாக அதைப் பரீட்சையில் எழுதாதீர்கள் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.)

'மாநாடு' (2021) வேறு வகை. சிம்பு நடித்த அப்துல் காலிக் சாகும்போதெல்லாம் அதே நாள் விமானத்துக்குள்ளிருந்து மறுபடி தொடங்குகிறது. எஸ்.ஜே. சூர்யாவின் தனுஷ்கோடியும் அந்தச் சுழலுக்குள் வந்து மாட்டிக்கொள்ள, இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சாகிறார்கள். தியேட்டரில் விசில் பறந்தது. சாவு பயம் போய் அது பஸ் டிக்கெட் மாதிரி ஆகிவிட்ட ஒரே படம் இதுதான் என்று பையன்கள் கொண்டாடுவார்கள். ஒரு நாள் ஒரு பெண் எழுந்து வந்து மார்க்கரை வாங்கினாள். போர்டில் நேர்க்கோடு ஒன்று போட்டாள். ஒரு புள்ளி வைத்து, "இங்கே காலிக் சுடப்பட்டுச் சாகிறான்" என்றாள். அங்கிருந்து கோட்டைப் பின்பக்கமாக வளைத்து விமானத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். பிறகு அதே புள்ளியிலிருந்து முன்னால் இன்னொரு கோடு, விட்டு விட்டு. "இது என்ன ஆச்சு டீச்சரே? அவன் போயிட்டான். இந்தக் கோட்டில இருக்கிற சிநேகிதக்காரங்க, அம்மா எல்லாரும்? அவங்களுக்கு அடுத்த நாள் விடிஞ்சிருக்குமே."

பையன்களிடம் பதில் இல்லை. இயற்பியலில் இதற்கு ஒரு பதில் சொல்வார்கள். 1957இல் ஹியூ எவரெட் என்ற அமெரிக்கர், குவாண்டம் நிகழ்வு ஒவ்வொன்றிலும் சாத்தியமான எல்லா முடிவுகளுமே நடக்கின்றன, உலகம் கிளை பிரிந்துகொண்டே போகிறது என்று எடுத்துரைத்தார். அந்தக் கணக்கில் காலிக் ஒவ்வொரு தடவை செத்த பிறகும் ஒரு கிளையில் அவனுக்கு அடக்கம் நடந்திருக்கும். படம் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. இயக்குநர் வெங்கட் பிரபுவைக் குறை சொல்லவில்லை. பார்த்திருந்தால் படத்தில் சிரிப்பு நின்றிருக்கும்.

ஆனால் எங்கள் மாடியில் ஓயாத சண்டை 'மின்னல் முரளி'யின் ஷிபுவைப் பற்றி. பேசில் ஜோசப் இயக்கி 2021 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நெட்ஃபிளிக்ஸில் வந்த மலையாளப் படம். குறுக்கன்மூலை என்ற கற்பனை ஊரில் இரண்டு பேர்மேல் மின்னல் விழுகிறது. தையல்காரன் ஜெய்சன் நாயகனாகிறான், டீக்கடையில் வேலை செய்யும் ஷிபு வில்லனாகிறான். ஷிபுவாக நடித்தவர் நம்ம குரு சோமசுந்தரம்; கூத்துப்பட்டறையில் பயின்றவர், 'ஜோக்கர்' படத்தில் கலங்க வைத்தவர். ஷிபு சின்ன வயதிலிருந்தே நேசித்த உஷா, எத்தனையோ வருஷம் கழித்து அவனை ஏற்றுக்கொள்ளும் இடத்தில் அவர் முகத்தைக் கவனியுங்கள். அழுகை முதலில் உதட்டில் தொடங்குகிறது, சிரிப்பு அதை மேலே தள்ளிவிட்டு வருகிறது, கடைசியில் ரெண்டும் ஒரே முகத்தில் நின்றுவிடுகின்றன. அந்தக் காட்சிக்குப் பிறகு அவனை வில்லன் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. பிறகு ஊர்க்காரர்கள் வைத்த தீயில் உஷா சாகிறாள். ஷிபு ஊரையே அழிக்கப் புறப்பட்டு, கடைசிச் சண்டையில் சாகிறான்.

"கொலைகாரன், சாகத்தானே வேணும்" என்பது பையன்கள் கட்சி. பெண்கள் கட்சி கேட்பது வேறு. தீ வைத்தவர்களுக்கு என்ன தண்டனை? அதே ஊரைத்தானே ஜெய்சன் காப்பாற்றுகிறான்? உஷா எதற்காகச் செத்தாள், இன்னொருத்தனுக்குக் கோபம் வருவதற்காகவா? அவர்களுக்குத் தெரியாமலே பெரிய விவாதம் ஒன்றைத் தொட்டுவிட்டார்கள். 1994இல் வந்த 'கிரீன் லேன்டர்ன்' காமிக்ஸ் ஒன்றில் நாயகனின் காதலியைக் கொன்று ஃப்ரிட்ஜுக்குள் வைத்திருப்பார்கள். 1999இல் கெயில் சிமோன் என்ற பெண், ஆண்களின் கதைக்கு எரிபொருளாக இப்படிக் கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட காமிக்ஸ் பெண்களைப் பட்டியல் போட்டார். ஃப்ரிட்ஜை வைத்தே அந்தப் பட்டியலுக்குப் பெயரும் அமைந்தது. உஷாவை அந்தப் பட்டியலில் சேர்க்கலாமா? நான் சேர்ப்பேன், கொஞ்சம் தயக்கத்தோடு. அவளுக்கென்று ஆசையும் முடிவும் இருந்தன என்பது வரைக்கும் படம் அவளுக்கு நியாயம் செய்திருக்கிறது.

உடல் சட்டத்துக்கு வருகிறேன். 2019இல் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' வந்தபோது தமிழில் அயர்ன் மேன் டோனி ஸ்டார்க்குக்கு விஜய் சேதுபதி குரல், பிளாக் விடோ நடாஷாவுக்கு ஆண்ட்ரியா குரல். அயர்ன் மேன் விஜய் சேதுபதி குரலில் சாவதா என்று அப்போது ஒரு பாடு சண்டை நடந்தது; பழகிய குரல் போனதையே ஒரு சாவாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. அதைவிடப் பெரிய மனக்குறை ஒன்று உலகம் முழுக்க இருந்தது. இருவரும் உயிரைக் கொடுத்தார்கள். டோனிக்கு ஏரிக்கரையில் எல்லாரும் கூடி நிற்கும் அஞ்சலி. வோர்மிர் கிரகத்தில் பள்ளத்தில் விழுந்த நடாஷாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. 2021இல் 'பிளாக் விடோ' படத்தின் கடைசித் துணுக்கில்தான் ஒரு கல்லறையும், அதன் முன்னால் தங்கை யெலெனாவும் வந்தார்கள்.

வெறும் கல்லறை, உள்ளே உடல் கிடையாது, அப்புறம் என்ன மரியாதை என்று ஒருவன் சொன்னான். எப்போதும் சத்தமாகப் பேசும் பெண் ஒருத்தி, இந்தத் தடவை அவனைப் பார்க்காமலே, "கல்லாவது இருக்கே" என்றாள். யாரும் மேலே பேசவில்லை. எல்லாருக்கும் தெரியும், அவளுடைய மாமா ஓகியில் போனவர்.

2017 நவம்பர் 30ஆம் தேதி ஓகி புயல் அடித்தபோது இந்தப் பிள்ளைகளுக்கு ஒன்பது, பத்து வயது. எந்த வள்ளம் திரும்பும், யார் வருவார் என்று விழிஞ்ஞம் ஹார்பரில் நாள்கணக்கில் நின்ற கூட்டத்தில் அவர்களும் இடுப்பளவு உயரத்தில் நின்றிருக்கிறார்கள். அதிகாரிகள் தேடுவது போதாது என்று மீனவர்களே வள்ளமெடுத்துத் தேடப் போனார்கள். கிடைத்த உடல்களை டிஎன்ஏ பரிசோதனை வைத்து அடையாளம் காண வேண்டியிருந்தது. பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. இங்கேயும் கன்னியாகுமரி மாவட்டக் கடலோரத்திலும் அப்படிப்பட்ட வீடுகள் நிறைய. ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாவிட்டால் இறந்ததாகக் கருதலாம் என்றது அப்போது நடப்பில் இருந்த 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. அந்த ஏழாண்டு காத்திருக்க வைக்காமல், காணாமல்போனவர்கள் குடும்பத்துக்கும் உதவித்தொகை கொடுக்க வழி செய்தார்கள். பணம் வந்தது. பாட்டிமார் சிலர் இன்னும் வாசல் விளக்கை அணைப்பதில்லை.

'உடல் இல்லையென்றால் திரும்பி வருவான்' என்ற சட்டம் வேறு ஊர்களில் ரசிகர்கள் பேசும் வேடிக்கை. இந்தக் கரையில் அது வீட்டுக்குள் நடந்திருக்கிறது, வருஷக்கணக்கில். ஒருவேளை அதனால்தான் இவர்கள் நடாஷாவுக்காக இவ்வளவு கோபப்படுகிறார்களோ என்று நினைப்பேன். டோனி திரும்பி வர வேண்டும் என்று இவர்களில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. செத்தவரைச் செத்தவர் என்று நாலு பேர் முன்னால் சொல்லி அனுப்பினார்களா என்பதைத்தான் கேட்கிறார்கள்.

இப்போதைக்கு ஓடிக்கொண்டிருக்கும் சண்டை இது. டோனியாக நடித்த ராபர்ட் டவுனி ஜூனியர், டாக்டர் டூம் என்ற வில்லனாக மார்வெலுக்குத் திரும்புகிறார் என்று 2024 ஜூலையில் மேடையிலேயே முகமூடியைக் கழற்றி அறிவித்தார்கள். படம் 2026 டிசம்பருக்கு என்று சொல்லியிருக்கிறார்கள். ஆள் வேறு, முகம் அதே என்றால் ஏரிக்கரையில் நாம் அழுதது என்ன கணக்கில் வரும் என்கிறது ஒரு கட்சி. நடிகருக்கும் பிழைப்பு வேண்டாமா என்கிறது இன்னொன்று. நான் எந்தப் பக்கமும் சேரவில்லை. தமிழில் யார் குரல் கொடுப்பார்கள் என்பதுதான் எனக்குக் கவலை. விஜய் சேதுபதியே வந்தால் கிழக்கேகோட்டைக்கு பஸ் பிடித்துப் போய் முதல் நாளே பார்ப்பதாக இரண்டு பேர் என்னிடம் பந்தயம் கட்டியிருக்கிறார்கள்.